இருபத்திரண்டு நிமிஷ லேப்டாப்பும் சர்வீஸ் அத்தானும்

சின்னவளின் லேப்டாப் காலையில் கண் திறக்க இருபத்திரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டது. பொத்தானை அமுக்கிவிட்டு அவள் பாத்திரம் தேய்ப்பாள், துணியை அலசிக் கொடியில் போடுவாள், மகளுக்குத் தலை பின்னி வேனில் ஏற்றிவிட்டு மாடிப்படி ஏறி வருவாள். அப்போதும் திரையில் அந்த வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வட்டமடித்துக் கொண்டிருக்கும்.

வாங்கின புதிதில் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் திறந்துகொண்ட சாமான் அது. மூன்றே வருஷத்தில் அதைக் கிழடாக்கினது யார் என்று கேட்டால் அந்த வீட்டுச் சுவர்கூட ஒரே ஆளைத்தான் கை காட்டும். சர்வீஸ் அத்தான்.

அவர் சின்னவளின் அக்கா புருஷன். குடிநீர் ஆபீசில் மீட்டர் எண்களைப் பேரேட்டில் ஏற்றுகிற குமாஸ்தா. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாடிக் கட்டடத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் படித்தார். அதற்குக் கொடுத்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டுக் கூடத்தில், பெற்றவர்கள் படத்துக்கும் ஒரு சாண் மேலே மாட்டி வைத்திருக்கிறார். அந்த மூன்று மாதத்தில் ஒரு மாதம் அம்மை போட்டுப் படுத்திருந்தார் என்பது அவருடைய கூடப் பிறந்த தங்கையே சொன்ன சேதி. மிச்ச இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷமாகச் சொந்தபந்தத்தின் வீடுகளில் புகுந்து புறப்பட்டுக் கொண்டிருந்தார்.

அவர் கை வைத்த சாமான்களின் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பெரிய அத்தையின் ரேடியோ அவர் திறந்து மூடினதற்குப் பிறகு ஒரே ஒரு ஸ்டேஷன்தான் பிடித்தது, அதுவும் மழை பெய்கிற மாதிரி இரைந்துகொண்டு. அவருடைய தாய்மாமன் வீட்டு மின்விசிறி பின்பக்கமாகச் சுற்றியது. காற்று மேலே போனால்தான் அறை சூடாகாது என்று அதற்கு ஒரு விளக்கம் சொன்னார். தாய்மாமன் சாகிற வரைக்கும் விசிறி மட்டையால்தான் வீசிக்கொண்டார். தம்பி பெண்டாட்டியின் தையல் மெஷினை எண்ணெய் போட்டு ஓட்டிக் காட்டுகிறேன் என்று ஓட்டினார். அது இப்போது அந்த வீட்டில் பூத்தொட்டி வைக்கிற மேஜை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், அம்மா காலமாகி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில், தன் லேப்டாப் இழுக்கிறது என்று இவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இவர் போய் உட்கார்ந்தார், எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து பார்மட் பண்ணினார். இப்போது பார், புது மெஷின் மாதிரி பளிச்சென்று இருக்கிறது என்றார். அந்த அம்மாளின் கடைசி வருஷத்துப் படம் அத்தனையும் அதற்குள் இருந்தது. படமெல்லாம் எங்கே என்று அண்ணன் கேட்டதற்கு, படம்தான் மெஷினை அடைக்கிறது என்று பதில். அண்ணன் அன்றைக்கு வாசல்வரை வந்து வழியனுப்பவில்லை. வழியனுப்பவில்லை என்பதையும் அத்தான் கவனிக்கவில்லை. கவனிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இப்படிப்பட்டவரை வீட்டுக்குள் ஏன் விடுகிறார்கள் என்றால், காரணம் இருக்கிறது. சின்னவளின் அப்பா போன பிறகு அவள் கல்யாணத்துக்கு ஓடியாடி நின்றவர் இந்த அத்தான்தான். அதை யாரும் மறுத்தது கிடையாது. மறக்க அவர் விட்டதும் கிடையாது. அவர் உதவியை வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கும், அதைப் பார்த்து அக்கா முகம் சுருங்கும், அந்தச் சுருக்கம் விரிய ஒரு மாதம் ஆகும். கூடப் பிறந்தவள் ஒரே ஒருத்தி. ஆகவே சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்து கொடுப்பாள். வந்ததுதான் வந்தோம், ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன் என்று அவர் உட்காருவார்.

சின்னவளின் பிழைப்பு காதால் செய்கிற வேலை. எங்கேயோ இருக்கிற ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு பண்ணி அனுப்புவார்கள். இவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை எழுத்தாக அடித்து அனுப்ப வேண்டும். ஒரு டாக்டர் மூக்கால் பேசுவார். ஒருவர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். ஓர் அம்மாள் பாதி வாக்கியத்தில் யாரையோ திட்டிவிட்டு மிச்சத்தைத் தொடருவாள். மருந்துப் பெயர்களும் எலும்புப் பெயர்களும் மூச்சுவிடாமல் வரும். அத்தனையையும் முழுசாக அடித்தால் கை விழுந்துவிடும் என்று சின்னவள் மூன்று வருஷமாகக் குறுக்கு எழுத்துப் பட்டியல் ஒன்று சேர்த்து வைத்திருந்தாள். இரண்டெழுத்து தட்டினால் ஒரு வரியே வந்து விழும். நாலாயிரத்துக்கு மேலே இருந்தன. அவள் வேகம், அவள் பெயர் எல்லாமே அந்தப் பட்டியல்தான். அது அந்த மெஷினுக்குள் மட்டும்தான் இருந்தது. வெளியே ஒரு நகல் எடுத்து வைக்க முடியுமா என்று அத்தானிடமே இரண்டு தடவை கேட்டாள். நான் இருக்கும்போது உனக்கு என்ன பயம் என்று இரண்டு தடவையும் சொன்னார். எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்கிற வார்த்தையும் அவருக்குத் தெரியாது.

ஒன்பது மணிக்குள் லாகின் செய்ய வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று தடவை பிந்தினால் அவள் பார்க்கிற டாக்டர்களை வேறொருத்திக்கு மாற்றிவிடுவார்கள். இரண்டாவது தடவை பிந்தினது ஒரு வெள்ளிக்கிழமை. எட்டரைக்கே ஆன் பண்ணியும் நடுவில் ஒரு தடவை தானாக அணைந்து மறுபடி முதலிலிருந்து வட்டம் சுற்றியதால் வந்த வினை. அன்றைக்குச் சாயங்காலம் மனசு தாங்காமல் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டாள். சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் குரல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன், ஒரே அடியாக பார்மட் பண்ணிவிடலாம் என்றது குரல்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு அவள் வேலையின் குழுத் தலைவி போனில் கூப்பிட்டாள். முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும் பழக்கம்.

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லம்மா. ஆனா ரெண்டு தடவை ஆயிடுச்சு. மூணாவது வந்தா என் கையில ஒண்ணுமே இல்ல, தானா மாறிடும்."

மெஷின் திறக்கவே மாட்டேன் என்கிறது என்று சின்னவள் சொன்னாள். பார்மட் பண்ணப் போவதையும் சொன்னாள்.

"ஐயோ, அவசரப்படாதீங்க. ஆன் பண்ணதும் கூடவே என்னென்ன தானா எழுந்திருக்குதுன்னு பாத்தீங்களா?"

அப்படி ஒன்று இருக்கிறது என்பதே சின்னவளுக்கு அப்போதுதான் தெரியும். கீபோர்டில் எந்த மூன்று கட்டையைச் சேர்த்து அமுக்க வேண்டும், வருகிற பட்டியலில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும், வேண்டாததை எப்படி முடக்க வேண்டும் என்று குழுத் தலைவி சொல்லச் சொல்ல, கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த மூச்சில் பொத்தானை அமுக்கினாள். வட்டம் சுற்றத் தொடங்கி, அது பாதி தூரம்கூட வருவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தான் ஒரு தோல் பையோடு வந்தார். அதில் மூன்று திருப்புளி, ஒரு பெயிண்ட் பிரஷ், பஞ்சு, ஒரு சின்ன பாட்டிலில் ஸ்பிரிட். இவற்றை மேஜைமேல் வரிசையாக அடுக்கினார், ஆபரேஷனுக்கு வந்தவர் மாதிரி. அப்புறம் லேப்டாப்பின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான் அவர் மெஷின் பார்ப்பார். சூடு ஏறியிருக்கிறது என்று சொன்னார். ஓடுகிற மெஷின் எதுவாக இருந்தாலும் முதுகில் கை வைத்தால் சுடத்தான் செய்யும். அதைச் சொல்லப் போனால் சண்டை.

கூட வந்த அக்கா சமையலறைப் பக்கம் டீ போடப் போனாள். சின்னவளின் புருஷன் பஸ் ஓட்டுகிறவர். அன்றைக்கு விடுமுறை. அத்தானைக் கண்டதும் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

வட்டம் சுற்றுகிற நேரம் முழுக்க அத்தான் பேசினார். வோல்டேஜ் பற்றிப் பேசினார், தூசு பற்றிப் பேசினார், பெண்கள் லேப்டாப்பை மூடாமல் எழுந்து போகிற பழக்கம் பற்றிப் பேசினார். கடைசியில், பார்மட் தவிர இதற்கு வேறு வைத்தியமே கிடையாது என்று முடித்தார். என் பட்டியல் அதற்குள்தான் இருக்கிறது என்றாள் சின்னவள்.

"எந்தப் பட்டியல்? அந்தக் குறுக்கெழுத்தா? மறுபடி அடிச்சுக்க வேண்டியதுதானே."

"நாலாயிரம் இருக்கு அத்தான்."

"தினம் நாலு நாலா அடி. பழகின கைதானே."

தினம் நாலு நாலாக அடித்தால் இன்னொரு மூன்று வருஷம் ஆகும் என்பதைக் கணக்குப் பார்க்கிற சிரமத்தைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. மற்றவர்களின் மூன்று வருஷம் அவருக்கு ஊதித் தள்ளுகிற தூசு.

திரை தெளிந்ததும் அவர் கை மௌஸுக்கு நீண்டது. அதற்குள் சின்னவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். காலண்டர் தாளைப் பார்த்து மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினாள். பட்டியல் வந்தது. மெஷின் எழுந்திருக்கும்போது கூடவே எழுந்திருக்கிற புரோகிராம் கூட்டம், மொத்தம் பதினேழு பேர். பக்கத்திலேயே இன்னொரு பட்டியலையும் திறந்தாள். அதில் எந்த ஆள் எந்தத் தேதியில் வீட்டுக்குள் வந்தான் என்று இருந்தது.

தேதியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒவ்வொரு வருகையும் ஞாபகம் வந்தது. புருஷன் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது இவர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த நாள்: அன்றைக்கு ஒரு ஆன்டிவைரஸ். மகளுக்குக் காய்ச்சல் என்று வந்த நாள்: இன்னொரு ஆன்டிவைரஸ். முதல் காவல்காரன்மேல் நம்பிக்கை போய் இரண்டாவது ஆளை வைத்தவர், முதல் ஆளை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டு தினமும் காலையில் ஒருத்தன் மடியை ஒருத்தன் தடவிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மகளின் பள்ளிக்கூடக் கட்டுரையை அச்செடுக்க என்று வந்த நாள்: இந்த வீட்டில் இல்லவே இல்லாத பிரிண்டர் ஒன்றுக்கு ஒரு வேலையாள். மழை வருமா என்று சொல்ல ஒருவன், கிரிக்கெட் ஸ்கோர் சொல்ல ஒருவன், அவர் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்துக்குச் சீட்டு விளையாட ஒருவன். இவர்களுக்கெல்லாம் தலைவன் மாதிரி, மெஷினை வேகமாக்குவதற்கென்றே ஒருவன். அவன் தினமும் காலையில் எழுந்து, உங்கள் மெஷின் இப்போது வேகமாக இருக்கிறது என்று வாழ்த்துச் சொல்வதற்கே நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டான்.

சின்னவள் தேதியையும் ஆளையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தாள். குரல் உயரவில்லை. பதினேழில் பதிமூன்று அத்தான் குடியேற்றினது.

"எல்லாம் நல்லதுக்குத்தான் போட்டது. எடுத்தா வைரஸ் பூந்துடும்" என்றார் அத்தான்.

"ஒரு காவல்காரன் போதும் அத்தான். ரெண்டு பேர் வாசல்ல நின்னா நான் எப்படி உள்ள போறது?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது. சின்னவள் ஒவ்வொருவனாக முடக்கினாள். இரண்டாவது காவல்காரனை அடியோடு வெளியேற்றினாள். அக்கா டீயோடு வந்து நின்று, அவர் சொல்வதைக் கேட்டால் என்னடி, மெனக்கெட்டு வந்திருக்கிறார் என்றாள். சின்னவள் திரும்பவில்லை. மெஷினை அணைத்து மறுபடி ஆன் பண்ணினாள்.

கறுப்புத் திரை வந்தது. மேலே இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் இமைத்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று. அத்தான் டீயை ஆற்றிக் குடித்தார், காலை நீட்டிக்கொண்டார், சுவரைப் பார்த்துச் சிரித்தார். மூன்று மாதம் படித்தவனுக்கும் காலண்டர் தாளைப் படித்தவளுக்கும் வித்தியாசம் இருக்கிறது அல்லவா என்பது அந்தச் சிரிப்பின் பொருள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"விளையாட்டெல்லாம் போதும். தள்ளு, நான் பார்மட் போட்டுட்டுக் கிளம்பறேன்."

சொல்லிக்கொண்டே மெஷினை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்தார்.

"கையை எடுங்க அத்தான்."

அந்த மனிதரிடம் அப்படி ஒரு வார்த்தையை அதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை. மின்விசிறி பின்பக்கம் சுற்றினபோது தாய்மாமன் சொல்லவில்லை. அம்மா படமெல்லாம் போனபோது அந்த அண்ணன் சொல்லவில்லை. அக்கா நிலைப்படியில் அப்படியே நின்றாள். பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"நான் யாருக்காக வந்தேன்? உனக்காகத்தானே வந்தேன்" என்றார் அத்தான்.

"எனக்காகன்னா தொடாதீங்க. இது என் சோறு."

அவர் கையை எடுத்தார். அவர் இழுத்ததில் மெஷின் கொஞ்சம் திரும்பி அதன் பக்கவாட்டு வெளிச்சத்துக்கு வந்திருந்தது. அங்கே ஒரு குட்டி பென் டிரைவ் செருகி இருந்தது. இரண்டு வருஷமாக அங்கேயே இருந்து, மெஷினோடு பிறந்த உறுப்பு என்று நினைத்து அதைச் சுற்றித் தூசு துடைத்து வந்திருக்கிறாள் சின்னவள். இப்போது அதன் நுனியில் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. திரையில் கோடு இமைக்கிற அதே நேரத்தில் இதுவும் எரிந்தது. இது என்ன என்று கேட்டாள். கூடுதல் மெமரிக்காக நான்தான் போட்டேன், மெஷினுக்கு அது டானிக் மாதிரி என்றார் அத்தான்.

சின்னவள் அதைப் பிடுங்கினாள்.

கோடு மறைந்தது. திரை நீலமாயிற்று. தினமும் எழுந்ததும் அந்தப் பாழாய்ப்போன குச்சிக்குள் தலையை விட்டு, இங்கிருந்துதான் கிளம்ப வேண்டுமோ என்று தேடித் தேடி ஏமாந்துகொண்டிருந்திருக்கிறது மெஷின். அதற்குள் இருந்தது என்ன என்று பிறகு அக்கா சொல்லித் தெரிந்தது. அத்தானின் ஆபீஸ் ஆண்டு விழாவில் அவர் மேடை ஏறிப் பேசின பேச்சு, அதுவும் பாதியில் கெட்டுப்போன நிலையில்.

இன்னொரு தடவை அணைத்து ஆன் பண்ணினாள். பஸ்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்து, திரை திறந்ததும் வாயைத் திறந்தார்.

"ஒண்ணேகால் நிமிஷம்."

அன்றைக்கு முழுக்க அவர் பேசினது அந்த ஒன்றுதான்.

அத்தான் பெயிண்ட் பிரஷைப் பைக்குள் வைத்தார். இத்தனை நேரம் ஓய்வு கொடுத்ததில் சூடு ஆறியிருக்கிறது, நான் முதலிலேயே சொன்னேன், சூடுதான் என்றார். பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நன்றி கெட்ட காலம் என்று படிக்கட்டிடம் சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பின்னாலேயே போனாள்.

மறுநாள் எட்டு முப்பத்தெட்டுக்கே சின்னவள் லாகின் செய்து உட்கார்ந்திருந்தாள். மூக்கால் பேசுகிற டாக்டர் ஒரு கிழவரின் முழங்காலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டெழுத்து தட்டினாள், ஒரு வரி வந்து விழுந்தது. நகல் எடுப்பது எப்படி என்று குழுத் தலைவியிடம் கேட்டு மத்தியானத்துக்குள் நாலாயிரத்தையும் எடுத்து வைத்துவிட்டாள். ஐந்து நிமிஷ வேலை. அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றினாள்.

நாலு நாள் கழித்து அக்கா போன் பண்ணினாள். முதலில் சௌக்கியம் விசாரித்தாள். பிறகு இழுத்தாள். அவர் முகமே சரியில்லை, ஆபீசில் கேட்டவர்களிடமெல்லாம் கொழுந்தியாள் மெஷினை நான்தான் பிழைக்க வைத்தேன் என்று சொல்லிவிட்டார், சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல்லிவிடேன் என்றாள்.

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெருமையைக் கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கலாம், பழைய துணி மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது போல. அவளுக்கு அதனால் ஒரு நூல்கூடக் குறையாது.

"சொல்றேங்கா. ஆனா இனிமே அவர் என் மெஷினைத் தொடக்கூடாது. அதுக்கு நீ பொறுப்பு."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் பாத்துக்கறேன்டி. எங்க வீட்டு டிவியையே அவர் ஆபீஸ் போனப்புறம் ஆள் வெச்சு ரிப்பேர் பண்ணித்தான் பாக்கறேன், பதினொரு வருஷமா. சாயங்காலம் வந்து, நான் சரிபண்ணினது எப்படி ஓடுது பாத்தியாம்பார்."

அந்த மாதக் கடைசியில் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில் தன் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்த மனிதர். முந்நூறு பக்கம் தாண்டிவிட்டதாம். மெஷின் திறக்க நேரமாகிறது, உன் அத்தான் உன்னுடையதை அருமையாகச் சரிபண்ணினாராமே, ஞாயிற்றுக்கிழமை எனக்கும் வந்து பார்க்கிறேன் என்கிறார், வரச் சொல்லட்டுமா என்று கேட்டார்.

சின்னவள் அக்காவுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை.

"நல்லா பண்ணினார் சித்தப்பா. வரச் சொல்லுங்க. ஆனா அவர் வந்து உட்கார்ந்ததும் உங்க பாஸ்வேர்டை மறந்துடுங்க."

"மறந்துட்டா அப்புறம் நான் எப்படிம்மா திறக்கறது?"

"அவர் படியிறங்கினதும் ஞாபகம் வந்துடும்."